முப்பதாவது துணி

விடியுமுன்பே சூசையம்மாவின் விரல்கள் விறைத்துவிட்டன. ஆஸ்பத்திரிப் பின்கட்டுத் தொட்டித் தண்ணீர் கண்டிப் பனியில் ஊசியாய்க் குத்தியது. அறுவைக்கூடத்து இரத்தத் துணிகளைக் கசக்கிப் பிழிந்து, பத்துப் பத்தாக நூலில் கோத்துக் கொடியில் போடுவது அவள் வேலை. அவற்றை வேகவைத்து, அடுத்தவர் வயிற்றுக்குள் ஒற்றியெடுக்க வைப்பார்கள்.

மூன்று நாளாக ஒரு கோவையில் ஒன்பதுதான் தொங்கியது.

கேளுங்கள் கண்ணுகளா, தேயிலை விலை விழுந்த வருஷம் அது. அறுவைப் பகுதி மட்டும் வளர்ந்தது. ஒரு மேசை இருந்த இடத்தில் இரண்டு. தொழில் பழக இளம் டொக்டர்கள் நாலுபேர். வேலையாட்களிலோ பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் வயிற்றைத் தைக்குமுன் அறுவைக்கூடத்து ஆயா ஐரின் துணிகளை உரக்க எண்ணுவாள். டொக்டர் திருப்பிச் சொல்லுவார். ஐரினைத் தரை கழுவ அனுப்பியதோடு அந்தக் குரல் நின்றுபோனது.

பன்விலத் தோட்டத்து வடிவம்மாவுக்குக் கட்டி அறுத்து மூன்று நாள். வயிறு கல்லாய் இறுகி, உடம்பு அனலாய்க் கொதித்தது.

"அன்னிக்கே சொன்னேங்க ஐயா. முப்பது துணி போச்சு, இருபத்தொம்பதுதான் வந்துச்சு" என்றாள் சூசையம்மா.

வேலையாட்களை மேய்க்கும் ஓவசியர் அமலதாஸ் சிரித்தார். "மத்ததை என்ன செஞ்சே? புள்ளைக்குக் கோவணம் தச்சியா?"

"எம் புள்ள மடுல்கெல்லையில மூட்டை தூக்குறான். கோவணம் கட்டுற வயசு இனி உங்களுக்குத்தான் வரப்போவுது."

"திருடி! இன்னையோட உன் வேலை போச்சு!"

கொதிகலன் அடுப்படியில் குந்தியிருந்த அக்குறணை லாபிர் எழுந்தான். கையிலிருந்த விறகைக் கீழே போட்டான். "அடுப்பு ஈக்கிது, ஓவசியர். இவ இல்லாட்டி நெருப்பு ஈக்காது."

ஐரின் தரை தேய்க்கும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு நோயாளிகளைச் சுமக்கும் தூக்குக்கட்டில்காரர்கள், அடுக்களைப் பெண்கள். எல்லோருக்கும் வீட்டில் வெறும் பானை. ஆனாலும் நின்றார்கள்.

ஏழு மணிக்குப் பெரிய டொக்டர் வந்தார். கத்திகள் வேகவில்லை.

"இன்றைக்கு ஏழுபேர் அறுவைக்குக் கிடக்கிறார்கள். அவர்கள் செத்தால் யார் பொறுப்பு?"

அந்தக் கேள்வி சூசையம்மாவின் நெஞ்சில் தைத்தது. இரவெல்லாம் வடிவம்மாவை நினைத்து அவளும் அதையேதான் கேட்டுக் கிடந்தாள்.

"அதை நெனச்சுத்தான் நாங்களும் பதறுறோங்க. மொதல்ல வடிவம்மா வயித்தைத் தொறந்து பாருங்க. இப்பவே நெருப்பு வைக்கிறோம். மத்தவங்களுக்கும் வைக்கிறோம், எண்ணுறதுக்கு ஐரினைத் திருப்பிக் குடுங்க."

"சலவைக்காரியா எனக்கு அறுவை சொல்லித்தருவது?"

"அறுக்கத் தெரியாதுங்க. எண்ணத் தெரியும்."

வடிவம்மாவைத் தைத்த இளம் டொக்டர் இளையதம்பி தலைகுனிந்து நின்றிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பழக வந்த பிள்ளை. அவர் முன்னே வந்தார்.

"நான் எண்ணேல்லை, சேர். மற்ற மேசைக்கு என்னைக் கூப்பிட்டவை. அவசரத்தில தைச்சுப்போட்டன்."

பெரிய டொக்டர் கொடியைப் பார்த்தார். ஒன்பது துணிக் கோவை காற்றில் ஆடியது.

"தண்ணீரைக் கொதிக்க வை. பொழுது சாய்வதற்குள் உங்கள் அத்தனை பேர் கணக்கையும் தீர்க்கிறேன்."

"அது அப்புறம் பாப்போம்" என்று லாபிர் தீக்குச்சியைக் கிழித்தான்.

வடிவம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். ஐரினும் கூடவே போனாள்; பெரிய டொக்டர் தடுக்கவில்லை. அவள் பிழைப்பாளா, தெரியாது. யாருக்கு வேலை மிஞ்சும், அதுவும் தெரியாது. ஈரக்கையோடு சூசையம்மா வாசலில் நின்றாள். அவள் பின்னால் ஒருவரும் கலையவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவுக்கு அப்பால் ஐரினின் குரல் உரக்கக் கேட்டது.

"ஒன்னு."

"ஒண்டு" என்றார் இளையதம்பி.

"ரெண்டு" என்றாள் ஐரின். வெளியே நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்: "ரெண்டு."