சகலையின் டிரெய்லர்

தேவஆசீர்வாதத்திற்கு உலகத்தில் யார்மேலும் பொறாமை கிடையாது, தன் சகலை பால்துரையைத் தவிர. அதையும் பொறாமை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். “அவம் மேல எனக்கென்னய்யா பொறாமை? எங்கிட்ட என்ன இல்ல?” என்பார். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது டிரெய்லர்.

மணியாச்சிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் இருந்த வேதமுத்துவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் மதலேனம்மாளைக் கட்டி, மாமனார் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே குடியிருந்தவர் தேவஆசீர்வாதம். ஊரில் நல்ல மாட்டுவண்டி அவருடையதுதான். இரண்டாவது பெண்ணைக் கட்டிய பால்துரை கோவில்பட்டியில் லாரி ஷெட் மெக்கானிக். அந்தக் கல்யாணத்தில் சீர்ச்சாமான்கள் தேவஆசீர்வாதத்தின் வண்டியில் போயின. மூத்த மருமகன் வண்டியில்தான் சீர் போகவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். வழக்கத்தை அன்றைக்கு ஆரம்பித்து வைத்தவரே அவர்தான் என்றாலும், வழக்கம் வழக்கம்தானே.

மூன்றாவது பெண் எஸ்தர்ராணிக்கு ஓட்டப்பிடாரம் பக்கத்தில் மாப்பிள்ளை முடிந்தது. ஐப்பசியில் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். தேவஆசீர்வாதம் வண்டிக்கு நீலச் சாயம் அடித்தார்.

பருத்திக்கொட்டை வாங்கக் கோவில்பட்டிக்குப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தார். ஷெட் வாசலில் பால்துரை எதையோ வெல்டு வைத்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, என்னதுலே இது?”

“டிரெய்லர் அண்ணாச்சி. ஜீப்புக்குப் பின்னால மாட்டி இழுக்கது.”

“ஓடுமா?”

“இழுத்தா ஓடும்.”

அச்சும் சக்கரமும் காயலான் கடையில் கிடந்த மிலிட்டரி ஜீப்பினுடையவை. பக்கத் தகடு, புளியமரத்தில் மோதிய ஒரு பஸ்ஸினுடையது. ‘புகை பிடிக்கக் கூடாது’ என்ற எழுத்துகூட அழியவில்லை. அடிப்பலகை ஏலத்தில் எடுத்த கூட்ஸ் வண்டிப் பலகை. ஆக, ராணுவமும் பஸ்ஸும் ரயிலும் செத்து ஒரு டிரெய்லராகப் பிறந்திருந்தன. குப்பை என்று தேவஆசீர்வாதம் நிம்மதியாக ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு, ஷெட் வழியாகப் போய்வர ஒரு சாக்கு வேண்டி, அவருடைய மாடுகள் வாரத்துக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டை தின்ன ஆரம்பித்தன.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் பால்துரை முதலாளியின் ஜீப்பில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான். வேதமுத்து அதை ஒற்றை விரலால் தள்ளினார். நகர்ந்தது. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். எல்லாருக்கும் நகர்ந்தது.

“பொண்ணு ஜீப்புல, சீரு டிரெய்லருல. முடிஞ்சு போச்சு” என்றார்.

“அப்ப எங்க வண்டி?” என்றார் தேவஆசீர்வாதம்.

“நீரும் பின்னாலேயே வாரும் மாப்ளே. யாருக்காவது கால் வலிச்சா ஏறிக்கிடட்டும்.”

வீட்டில் மதலேனம்மாள், “அது வாரதே தெரிய மாட்டங்குது பாருங்க. நம்ம வண்டி வந்தா அடுத்த ஊர் நாயி குலைக்கி” என்றாள். தங்கை புருஷனின் கைவேலையைத்தான் பாராட்டினாள். ஆனால் தேவஆசீர்வாதம் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. ஒரு யோசனை வந்தது.

மறுநாள் மாமனார் முன்னிலையில் டிரெய்லரைச் சுற்றிவந்து மனம்விட்டுப் புகழ்ந்தார். “ஒரே ஒரு குறைதான். மட்கார்டு இல்ல. பித்தளை அண்டாவுல சேறு தெறிச்சா மாப்பிள்ள வீட்டுக்காரம் என்ன சொல்லுவான்?”

“அட, ஆமா!” என்றார் வேதமுத்து.

“மழைக்கு வேண்டாம் மாமா” என்றான் பால்துரை.

“மழைக்குத்தானய்யா மட்கார்டு!” என்றார் மாமனார்.

தேவஆசீர்வாதமே காயலான் கடைக்குப் போய் இரண்டு மட்கார்டு வாங்கிவந்து, டயருக்கு மேல் விரல் நுழைய இடமில்லாமல் மாட்டச் சொன்னார். ஐப்பசி வந்தால் கரிசல்காட்டில் சைக்கிள் வைத்திருக்கிறவன் முதலில் மட்கார்டைக் கழற்றித்தான் மூலையில் போடுவான். அது ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டில் மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கல்யாணத்தன்று விடியுமுன்னே மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கிய கொஞ்ச தூரத்தில் களிமண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அப்பி, சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன. ஜீப் விடாமல் இழுத்தது. அதன் கொக்கி வளைந்து கழன்றது. கோயிலுக்கு நேரமாகிவிட்டதால், பால்துரையை டிரெய்லருக்குக் காவலாக விட்டுவிட்டு, முதலாளியின் டிரைவர் பெண்ணோடும் மாமனாரோடும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மட்கார்டைக் கழற்றவேண்டிய ஸ்பேனரும் ஜீப்போடு போய்விட்டது.

பின்னால் சலங்கை குலுங்க வந்த தேவஆசீர்வாதம், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடுபட்டார்.

“நல்லவேளை அண்ணாச்சி, நீங்க வந்திய” என்றான் பால்துரை. கட்டில், அண்டா, தையல் மெஷின் எல்லாவற்றையும் அவனே தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றினான். “எம்மேலதான் தப்பு. இன்னும் கொஞ்சம் ஒசத்தி மாட்டியிருக்கணும்.”

இந்தப் பெருந்தன்மை தேவஆசீர்வாதத்துக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மூத்த மருமகன் வண்டியில் சீர் போயிற்று. சக்கரத்தின் இரும்புப் பட்டா சேற்றைக் கிழித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை ஊர் எல்லையில் அவர் மீசையைத் துடைத்து, மாட்டின் வாலை முறுக்கினார்.

தெருவில் ஆள் இல்லை. தாலி கட்டி முடிந்திருந்தது. ஒரு கிழவர் மட்டும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

“எல்லாரும் எங்கன?”

“பாதையில ஏதோ டிரெய்லராம், காயலான் கடைச் சாமான்ல செஞ்சதாம். குறுக்கு வழியா பாக்கப் போயிருக்காவ. மாப்பிள்ளையும் கோட்டோட போயிருக்கான். எனக்குத்தான் முட்டு வலி.”

அண்டாவைத் தேவஆசீர்வாதமே இறக்கினார்.

அப்போது வேதமுத்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். “மூத்த மாப்ளே, மட்கார்டக் கழத்தியாச்சு. ஜீப்புக் கொக்கிதான் சரிப்படல. மாட்டப் பத்திக்கிட்டு வாரும். பாவம், அது நடுக்காட்டுல நிக்கி.”

டிரெய்லரின் நீட்டுக் கம்பியில் நுகத்தடியைக் கட்டினார்கள். மாப்பிள்ளையும் பத்துப் பதினைந்து இளவட்டங்களும் மேலே ஏறிக்கொண்டார்கள். பால்துரையைத் தூக்கி நடுவில் உட்காரவைத்தார்கள். தேவஆசீர்வாதம் கயிற்றைப் பிடித்துச் சேற்றில் முன்னால் நடந்தார். அத்தனை பாரத்துக்கு மாடுகள் இரண்டடி எடுத்துவைக்காது என்று கர்த்தரை நம்பினார்.

மாடுகள் நடந்தன. பிறகு தலையை ஆட்டின. பிறகு, அவருடைய வண்டியில் ஒருநாளும் ஓடாத ஓட்டமாக, அவரையும் இழுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடின.

“மாட்டுக்கே பிடிச்சிட்டு பாத்தியளா அண்ணாச்சி!” என்று மேலேயிருந்து கத்தினான் பால்துரை.

அடுத்த வாரம் அந்த ஜோடி மாடுகள் எட்டயபுரம் சந்தையில் விலைக்கு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு.