பதினெட்டு லிட்டர்

தார்ப்பாய் எட்டவில்லை. முன்பக்கம் இழுத்தால் வால் தெரிந்தது. பின்பக்கம் இழுத்தால் முன்விளக்குகள் இரண்டும் வெளியே வந்து முழித்தன. கார்த்திகேசு மூன்றாவது முறையாகக் குனிந்து ஓரத்தைப் பிடித்தார். எழுபத்து மூன்று வயதில் குனிவது அவருக்கு வழக்கமில்லாத வேலை. ஆனாலும் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தம்பி பழனியப்பன் உள்ளே ஹாலில் பெட்டிக்குள் படுத்திருந்தான். துக்கத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் அவன்தான் பட வேண்டும். போர்ச்சில் நிற்கும் இந்தச் சிவப்புக் கார் படக்கூடாது.

"விடுங்க பெரியப்பா," என்றாள் வாசலில் நின்ற ஷர்மினி. பழனியப்பனின் ஒரே மகள். "எல்லாருக்கும் தெரிஞ்ச காருதானே."

"தெரிஞ்சதுனாலதான் மூடுறேன்."

ஜெலுத்தோங்கில் அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரிந்த கார்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே பழனியப்பன் அதை ஆரம்பித்தான். பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், தானே பற்றவைத்த சட்டம், தானே வார்த்த உடம்பு. இரண்டே இருக்கை. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. காலைத் தூக்கி உள்ளே வைத்துத்தான் உட்கார வேண்டும். ஆறு வருஷம் ஆகியும் அது போர்ச்சை விட்டு நகர்ந்ததில்லை.

இரண்டு தெரு தள்ளியிருந்த கார்த்திகேசு தினமும் மாலையில் குடையோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து குறை சொல்லுவார். துறைமுக ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் மூன்று தலைமுறையாகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற குடும்பம் தங்களுடையது என்பதை எந்தப் பேச்சிலும் மறக்காதவர். அந்தக் குடும்பத்து ஆள் அறுபது வயதில் விளையாட்டுக் கார் செய்வதா என்று முதல் நாள் கேட்டார். கேட்டுவிட்டு மறுநாளும் வந்தார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் முதல் பயணம் ஜொகூருக்கு, கடைசித் தங்கை வீட்டுக்கு, அண்ணனும் தம்பியும் மட்டும் என்று பழனியப்பன் சொன்னபோது மறுப்புச் சொல்லவும் இல்லை.

தகராறு பெட்ரோல் டேங்க்கில்தான் வந்தது. ஜுருவில் பட்டறை வைத்திருக்கும் கோகிலன் அலுமினியத்தில் நாற்பத்தைந்து லிட்டர் டேங்க் ஒன்று அழகாகச் செய்து கொடுத்திருந்தான். அதை நிரப்பினால் நடுவில் ஒரே ஒரு தடவை நின்று ஜொகூர் போய்விடலாம். போன வருஷம் பழனியப்பன் திடீரென்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு லிட்டருக்கு வேறு ஒன்று செய்யச் சொன்னான். கேட்டவர்களுக்கெல்லாம் பாரம் என்று காரணம் சொன்னான். பெரிய டேங்க் நிரம்பினால் முப்பது கிலோவுக்கு மேல் வரும், வளைவில் கார் வாலை வீசும் என்றான்.

"அப்ப பெரிய டேங்க்க வச்சு பாதி ஊத்திக்க," என்றார் கார்த்திகேசு.

அதைக் கேட்டுப் பழனியப்பன் சிரித்தான். பதில் இல்லாமல் சிரிக்கிறவனைக் கார்த்திகேசுவுக்குப் பிடிக்காது.

மூன்று வாரத்துக்கு முன்னால், பந்தல் விஷயமாகக் கோயில் கமிட்டிக்காரர்கள் இந்தப் போர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். "சின்ன டேங்க் வச்ச கப்சாய் மோட்டார் பைக்ல போறவன் மாதிரி ஒவ்வொரு பெட்ரோல் ஸ்டேஷனா ஏறி எறங்கிக்கிட்டு போகணுமா? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கணக்கு தெரியலையேன்னு ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமேண்ணே," என்றான் பழனியப்பன், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே.

கார்த்திகேசு குடையை எடுத்துக்கொண்டு போனவர்தான். பிறகு வரவில்லை. இரண்டு முறை தம்பியின் போன் வந்தது, எடுக்கவில்லை. நேற்றுக் காலை மூன்றாவது போன் வந்தது. அது ஷர்மினியுடையது. காப்பியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை என்றாள்.

தார்ப்பாய் கடைசிவரை எட்டவில்லை. வாலையும் அதன் மேல் இருந்த பெட்ரோல் மூடியையும் அப்படியே விட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

பதினோரு மணிக்குள் தெருவில் போட்டிருந்த கூடாரம் நிரம்பிவிட்டது. கோகிலன் ஜுருவிலிருந்து வந்தான். பெட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆண்கள் நடுவில் போய் உட்கார்ந்தான். கார்த்திகேசு சமையலறைக்குப் போனார். வேறு எங்கும் அவரால் நிற்க முடியவில்லை.

ஷர்மினி பாலில்லாமல் ஒரு குவளை தே-ஓ தேநீர் கலக்கி அவர் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றார். அவள் எடுக்கவில்லை.

"உங்கப்பன் மில்லிமீட்டர் பிசகாத ஆளு," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஃபேக்டரியில அவன் அளந்தா இன்னொருத்தன் அளக்க மாட்டான்னு சொல்வாங்க. இந்த டேங்க்குல மட்டும் எப்படித் தப்பு பண்ணுனான்? இப்பப் பாரு, வெளிய எல்லாரும் அதையேதான் பேசுறானுங்க."

ஷர்மினி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அப்பா தப்பு பண்ணல பெரியப்பா."

"பின்ன?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு." ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். "நானும் கேட்டேன், ஏன்ப்பா இவ்ளோ சின்னதுன்னு. பதினெட்டு லிட்டர் போட்டா ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சே ஆகணும்னாரு. அது தெரியுது, ஏன் நுழையணும்னு கேட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "'அண்ணன் நிறுத்துன்னு கேக்க மாட்டாரு. காரு கேக்கட்டும்'னாரு."

கார்த்திகேசு குவளையைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

போன வருஷம் கிள்ளானில் ஒரு கல்யாணம். வேனில் திரும்பி வந்தார்கள். ஈப்போ தாண்டியதுமே அவருக்கு அவசரம். சர்க்கரையும் வயசும் சேர்ந்து கொண்டு வந்த தொல்லை. பெண்கள் இருந்தார்கள், சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். சின்னப் பிள்ளை மாதிரி வேனை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? முதுகை நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜுரு டோல் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் உடம்பு அவரைக் கைவிட்டது. பக்கத்தில் பழனியப்பன் இருந்தான். அடுத்த நிமிஷம் அவன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. ஐயோ, கை தவறிடுச்சுண்ணே, என்றான். அவர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினார். ஒரு போத்தலைப் பிடிக்கத் தெரியாதா என்றார். திட்டத் திட்டத் தன் குரல் உயர்ந்ததும், அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதும் இப்போதும் அவருக்கு நினைவிருந்தது. அதன் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அவனுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டார்.

அந்தப் பெரிய டேங்க்கைத் திருப்பிக் கொடுத்தது கல்யாணம் முடிந்த மறுவாரம். அதை அவர் இதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல பெரியப்பா. சொல்லவும் மாட்டேன்."

அவர் தலையசைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

கூடாரத்தில் பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் இறந்தவனைப் பற்றிப் பாசமாக ஏதாவது சொல்லிச் சிரிக்கவும் வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து லிட்டர் டேங்க் இன்னும் தன் பட்டறைச் சுவரில் தொங்குகிறது என்றான் கோகிலன். "எவ்வளவோ சொன்னேன்லா, கேக்கல. நல்ல மனுஷன். ஆனா டேங்க் விஷயத்துல அங்கிள் கணக்கு அவுட்டு."

நாசி கண்டார் சோற்றுக்கடை சீனி முகம்மது பக்கத்தில் இருந்தார். பழனியப்பனோடு பள்ளியில் படித்தவர், அந்த வேனிலும் வந்தவர். "அவனுக்குக் கையும் அவுட்டுதான். ஒரு போத்தலையே ஒழுங்கா பிடிக்க மாட்டான். ஒரு வருஷமா நம்ம கடையில அவனுக்குத் தண்ணி போத்தல்னுதான் பேரு." சொல்லும்போதே அவர் கண் கலங்கியிருந்தது.

கமிட்டிக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார். வயசானால் கணக்கு தடுமாறத்தான் செய்யும், பாவம் என்றார்.

கார்த்திகேசு அவர்கள் பின்னால் நின்றிருந்தார். பேசாமல் இருந்துவிடலாம். இன்னும் அரை மணியில் வண்டி வந்துவிடும். பத்து லஞ்சாங் மின்சுடலையில் எல்லாம் முடிந்துவிடும். நல்ல மனுஷன், கணக்குத்தான் தெரியாது என்ற பெயரோடு பழனியப்பன் போய்விடுவான். அவன் அதற்குச் சம்மதித்தவன்தான். இரண்டு தடவை சம்மதித்தவன்.

"கோகிலா," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். கோகிலன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்காரவில்லை. கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிறவர் போல நேராக நின்றார்.

"அவன் கணக்கு சரிதான். அந்த டேங்க் எனக்காக வச்சது. எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. வாயத் தொறந்து நிறுத்துன்னு கேக்கவும் மாட்டேன். அதுக்குத்தான் பதினெட்டு லிட்டர்."

கமிட்டிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். கார்த்திகேசுவின் காது சிவந்திருந்தது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அன்னிக்கு வேன்ல அவன் கை தவறல, சீனி. என் வேட்டி அதுக்கு முன்னாடியே நனைஞ்சிருச்சு."

சீனி முகம்மது நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான் ஒரு வருஷமா அவனக் கலாய்ச்சேனேண்ணே," என்றார்.

"நானுந்தான்."

கோகிலன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்து போர்ச்சுக்குப் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையை எடுத்தான். அனுமதி கேட்கிற மாதிரி கார்த்திகேசுவைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று சொல்லாததும் அதை முழுதாக உருவினான்.

வண்டி வந்தது. கார் நின்ற இடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் வர முடியாது. காரைத் தெருவுக்குத் தள்ள வேண்டும். எஞ்சினை ஒரு தடவைகூட முடுக்கியதில்லை, டேங்க்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. யாராவது உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தால் மற்றவர்கள் தள்ளலாம் என்றான் கோகிலன். ஷர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, காலைத் தூக்கி வைத்து, அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தாள். கோகிலனும் சீனி முகம்மதுவும் இன்னும் மூன்று பேரும் பின்னால் கை வைத்தார்கள்.

"பெரியப்பா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க," என்றாள் அவள்.

கார்த்திகேசு ஒதுங்கவில்லை. இடது பக்கம் வந்து நின்றார். ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். மறு கையால் காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலையும், சிரமப்பட்டு மற்றொரு காலையும் உள்ளே வைத்து உட்கார்ந்தார். இருக்கை தாழ்வாக இருந்தது. தெரு பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி தெரிந்தது. பெண்கள் அழுகையைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. வாசல் பள்ளத்தில் ஒரு குலுங்கல், அதற்குப் பிறகு தார்ச்சாலை. கூடாரத்தின் ஓரமாக, சேர்ந்து நின்ற ஆட்களுக்கு நடுவே, நாலு வீடு தூரம் போனது. ஷர்மினி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"வந்துருச்சு பெரியப்பா."

அவர் முன் கண்ணாடி வழியாகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்கினார்கள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.