எந்த ஊரையும் சேராத நாலடி

தெற்கத்திப் புதுக்கோட்டைக்குக் கிழக்கே, துறைமுகம் போகும் வழியில், இரண்டு ஊர்களுக்கு நடுவில், எந்த ஊரையும் சேராத நாலடி அகல நிலம் ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு உண்டானது. அது ஜெபசுதா டீச்சர் வீட்டு அடுக்களை வழியாகப் போயிற்று. அந்நேரம் அவள் கணவர் தேவதாசன் அங்கே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

குற்றம் டீச்சருடையதுதான். யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடத்தில் அரசாங்கத்தின் ஊர் எல்லைகளை ஏற்றும் வேலையை, கணக்கு டீச்சர் என்ற தெம்பில் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோப்பு கனமாக இருந்ததால் கோடுகளின் வளைவு நெளிவுகளைக் குறைத்தாள். இரண்டு ஊருக்கும் பொதுவான எல்லையை ஒரே கோடாக வைத்துக் குறைத்திருக்க வேண்டும். ஊர் ஊராகத் தனித்தனியே குறைத்ததில், ஒட்டியிருந்த கோடுகள் விலகிக்கொண்டன. அந்த நாலடிக்குள் மழை விழவில்லை, துறைமுகத்துச் சங்கு கேட்கவில்லை. தேவதாசன் காலை எடுத்து வெளியே வைத்தால் அது நின்ற இடத்திலேயே ஊன்றியது. கை மட்டும் நீளும், டம்ளரை வாங்கும்.

"ஏளா சுதா, இங்கன காத்தே இல்ல. ஆனா முட்டுவலியும் இல்ல," என்றார்.

டீச்சர் கோடுகளைக் கிழக்கே நகர்த்திப் பார்த்தாள். இடைவெளி பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போயிற்று. தேவதாசனும் கூடவே போய், கொடியில் காய்ந்த பாவாடைகளுக்கு நடுவே நெளிந்துகொண்டு நின்றார். அவசரமாக அடுக்களைக்கே இழுத்து வந்தாள். அடுத்து, தெற்கே உப்பளத்துப் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் இரண்டு கோடுகளையும் ஒட்டினாள். அங்கே அதே நாலடிக்குள் சிக்கியிருந்த, ஊர்க்காரர் நல்லக்கண்ணுவின் ஆடு, கத்திய வாயோடு மறைந்தது. இன்றுவரை அது திரும்பவில்லை. ஏற்றியதை மொத்தமாக அழித்துப் பார்க்க டீச்சருக்கு அதன்பின் துணிச்சல் வரவில்லை.

வரைபடத்தைச் சரிபார்க்கும் காயல்பட்டினத்து ருஷ்தா போனில் சொன்னாள்: "டீச்சர், இது பிழைன்னு எல்லாருக்கும் செவப்பா காட்டுது. நான் பாத்துக்கிடுதேன். ஆனா எங்கயோ இருக்க ஒருத்தர் நல்ல எண்ணத்துல ஒட்டிவிட்ருவாங்க."

அப்படி ஒரு முகம் தெரியாத உபகாரி வடக்கிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ருஷ்தா தடுத்தாள்.

ஆறு வருஷம் டீச்சர் அந்தக் கோட்டைக் காவல் காத்தாள். அவளுக்குத் தலை நரைத்தது, கண்ணில் புரை விழுந்தது. அவருக்கு அன்று சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது. விளிம்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு அவரைப் பார்த்தபடி சாப்பிடுவாள். தான் முந்திக்கொண்டால் இவருக்கு யார் தண்ணீர் நீட்டுவது என்ற பயம் அவளைத் தின்றது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை, ஜெபம் முடித்து, ருஷ்தாவைக் கூப்பிட்டாள். "இனி நீதான் பாத்துக்கிடணும்மா," என்றாள். அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேற்குக் கோட்டின் நாலு புள்ளிகளை, தன் நாற்காலியும் உள்ளே விழும்படி மூன்றடி தள்ளிவைத்துச் சேமித்தாள். தேவதாசன் நகர்ந்து இடம் விட்டார்.

வரைபடத்தில் அந்த இடத்தின் குறிப்பில், ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஒட்ட வேண்டாம் என்று ருஷ்தா எழுதிவைத்திருக்கிறாள். பால்காரர் முத்துக்குமரன் பாக்கெட்டை ஜன்னல் வழியே நீட்டுவார். சில நாள் தேவதாசன் அண்ணாச்சியின் கை வாங்கும், சில நாள் டீச்சரின் கை.