கந்தல் கொட்டகையின் இருமல்

வெளிச்சம் வருவதற்கு முன்பே முதல் மூட்டை பிரிந்துவிடும். யார் யாரோ உடுத்திக் கழித்த துணியெல்லாம் கொட்டகைக்குள் மலையாகக் கிடந்தது. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திய கத்தியில் சட்டையை வைத்து இழுத்தால் பித்தான் தெறிக்கும், தூசி எழும். பருத்தி ஒரு குவியல், கம்பளி ஒரு குவியல், நைலான் ஒரு குவியல். காற்றடித்தால் கலந்துவிடும் என்று முதலாளி ஜன்னல்களில் சாக்கை வைத்து ஆணி அறைந்திருந்தார். ஒருத்தி விட்ட மூச்சைத்தான் அடுத்தவள் இழுத்தாள்.

பிள்ளைத்தாய்ச்சியான சின்னவளுக்கு வயிறு முட்டியது. ஒருக்களித்து உட்கார்ந்துதான் கத்தியை எட்ட முடிந்தது. இருமல் வந்தபோது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே போனால் வேலை போய்விடும்.

பக்கத்தில் அவளுடைய ஓரகத்தி, பெரியவள்.

"மாத்திரை போட்டியாடி?"

"ம்."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சின்னவள் நிமிரவில்லை. காசநோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். விழுங்கத் தொடங்கியதும் சிறுநீர் செம்மண் கரைசலாகப் போயிற்று. வயிற்றுப்பிள்ளைதான் கரைந்து ஒழுகுகிறது என்று நடுங்கிப்போனாள். யாரிடமும் வாய் திறக்காமல் மாத்திரையைத் தலையணைக்குள் செருகினாள். அடங்கியிருந்த இருமல் திரும்பி வந்துவிட்டது.

வெயில் ஏறும் நேரத்தில் நர்ஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மாத்திரை வாங்க வராதவளைத் தேடி வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டதும் சின்னவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அது மருந்தோட நிறம்மா, ரத்தமில்ல. புள்ளைக்குக் கெடுதி மருந்தால இல்ல, சீக்காலதான். மருந்தை விட்டா புள்ள எடை இல்லாம, நாள் நெறையாம பொறக்கும். ஒன் உயிருக்கும் ஆபத்து."

துணைக்கு வந்து நின்ற பெரியவளின் முகம் செத்துவிட்டது.

"என் பொண்ணு எலிக்குஞ்சாட்டம் பொறந்து செத்துப் போயிடுச்சே... அப்ப நானும் இருமிக்கிட்டுத்தான் இருந்தேன்."

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். "இப்பவும் இருமுறீங்களாக்கா?"

மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்த முதலாளி வெளியே வந்து சின்னவளிடம் சீறினார்.

"சீக்கை வச்சுக்கிட்டா எங்கிட்ட வேலைக்கு வந்தே? கிளம்பு. இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே."

"மருந்து சாப்பிட்டா கொஞ்ச நாள்ல பரவுறது நின்னுடும் சார், திரும்பி வரலாம்" என்றாள் நர்ஸ். "எல்லாரையும் சோதிக்கணும். மொதல்ல ஜன்னலைத் தெறங்க."

"ஜன்னலைத் தெறந்தா சரக்கு கலந்துடும். அந்த நட்டத்த நீ குடுப்பியா?"

உள்ளே பெண்கள் மூக்கை மூடிக்கொண்டு விலகி உட்கார்ந்தார்கள். சின்னவளுக்கு அதுதான் சுட்டது. நேற்றுவரை அவளுடைய வயிற்றைத் தடவிப் பார்த்த கைகள் அவை.

பெரியவள் உள்ளே போய் அவர்கள் நடுவில் நின்றாள். "இவளை மட்டும் அனுப்பிட்டா நாம தப்பிச்சுட்டோமா? வேற யாரும் இருமலையா? சொல்லுங்கடி."

மூலையில் ஒருத்திக்கு அடக்க முடியாமல் இருமல் வெடித்தது. அதற்கடுத்து இன்னொருத்தி. மூக்கை மூடியிருந்த கைகள் வாயைப் பொத்தப் போயின.

வாயாடி என்று பெயரெடுத்தவள் எழுந்து சேலையை உதறினாள். "ஆமா, எனக்கும் இருக்கு. தூசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மொதலாளி, நீங்க ஒரு நாள் இங்க உக்காந்து பாருங்களேன். நாங்க ஒங்க ஃபேன் அடியில உக்காந்துக்கறோம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

பெரியவள் மூட்டையின் காதைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தாள். அசையவில்லை. வாயாடி பின்னாலிருந்து தள்ளினாள். பிறகு எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே போய் விழுந்தன. பெண்கள் அவற்றைச் சுற்றிக் கத்தியோடு உட்கார்ந்தார்கள்.

"என்னடி பண்றீங்க?" என்று முதலாளி கத்தினார்.

"வேலைதான் செய்யறோம், காத்தாட" என்றாள் பெரியவள். "ஜன்னலைத் தெறங்க, எங்க எல்லாரையும் சோதிக்க ஏற்பாடு பண்ணுங்க, இவ சொகமாகி வர்றவரைக்கும் இவ வேலை இவளுக்கே இருக்கணும். அப்புறம் உள்ள வர்றோம்."

"நாளைக்கே வேற ஆள் வரும்!"

"வரட்டும்" என்றாள் வாயாடி. "அவங்களுக்கும் எடம் போட்டு வைக்கறோம்."

"நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வரணும்க்கா" என்றாள் நர்ஸ் பெரியவளிடம்.

"வர்றேன். மொதல்ல இவளைக் கூட்டிப் போ."

பிள்ளை பிழைக்குமா என்று சின்னவள் கேட்டாள். மருந்தை விடாதே என்றுதான் நர்ஸ் சொன்னாள், வேறு வாக்குக் கொடுக்கவில்லை. சின்னவளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் திரும்பும்போது முதலாளி கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். காற்றில் பருத்தியும் கம்பளியும் கலந்து பறந்தன. வெட்டவெளியில் வெயில் கொளுத்தியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.