மாப்பிள்ளை வீட்டுச் சட்டை

கல்யாணப் பெண் ஹிதாயா பட்டு கேட்கவில்லை, பவுன் கேட்கவில்லை. ஒரு சட்டை கேட்டாள்.

"உம்மா கல்யாணப் படத்துல போட்டிருக்காங்களே, அந்தச் சட்டை மாதிரி அச்சு அசலா வேணுமாம் ராத்தா" என்று தம்பி சாலிஹ் வந்து சொன்னபோது, ஸுபைதா தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் படத்த அவ எங்க பார்த்தா?"

"பார்க்கணும்னு சொல்லியனுப்பினா. குடுத்தனுப்பினேன்."

ஸுபைதா எழுந்து உள்ளறைக்குப் போய்ப் பார்த்தாள். படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சுவரில் சட்டம் மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"கேக்காம எடுத்தியா?"

"நம்மட உம்மா தானே ராத்தா. அவளுக்கும் இனி உம்மா தானே."

இந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உம்மா மௌத்தாகிப் போனபோது சாலிஹுக்கு ஏழு வயது. அவனைக் குளிப்பாட்டி, ஓதப் பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக் கிடந்தவள் ஸுபைதா. அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. அப்துல் ஸமத் என்ற அந்த நல்ல மனிதர் மூன்று வருஷத்தில் கண்ணை மூடிவிட்டார். பிள்ளை இல்லை. திரும்பி வந்து, வாப்பாவும் போன பிறகு தம்பியோடு இருந்துகொண்டாள். மாத்தளைப் பெரிய தெருவில் அவன் கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை வைத்தான். அவள் வீட்டில் ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள். எந்தச் சாரத்துக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று கேட்காமல் சாலிஹ் வாசல் தாண்டியதில்லை.

இதெல்லாம் பல்லேபொலயில் பெண் பேசி முடிக்கும்வரை. அதன் பிறகு அவனுடைய தலைக்கு வைக்கும் எண்ணெய் மாறியது. ரேடியோவில் பாட்டு வந்தால் கூடவே முனகினான். உலகத்தில் நல்ல மிளகு விளைவது பல்லேபொலத் தோட்டங்களில் மட்டும்தான் என்று புதிதாகக் கண்டுபிடித்து, வாரம் தவறாமல் பஸ் ஏறினான். மங்குஸ்தான் காலத்தில் இரண்டு பை கொண்டுவந்தான். ஸுபைதாவின் கையில் சின்னப் பையைக் கொடுத்துவிட்டுப் பெரியதைக் கதவுக்குப் பின்னால் வைத்தான். அவள் கேட்கவில்லை. மறுநாள் அவன் பல்லேபொல பஸ் ஏறிய பிறகு அந்தப் பை அங்கே இல்லை. சின்னப் பையில் இருந்ததை அவள் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஆடு தோலைக்கூட விடவில்லை.

அந்த வருஷம் நைலான் சேலையும் கையில்லாத ஜாக்கெட்டும் மாத்தளைக்கு வந்து எல்லாப் பெண்களையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஒன்றைக் கேட்டிருந்தால் ஸுபைதா சிரித்துக்கொண்டே தைத்திருப்பாள். ஹிதாயா கேட்டதோ முழங்கைக்கு மேலே கொசுவி உப்பிய கை, மணிக்கட்டு வரை ஒட்டிய கீழ்க்கை, கழுத்தை மூடும் பட்டி, அதில் லேஸ், மார்பில் நெருக்கமாகத் துணி மூடிய பொத்தான்கள். முப்பது வருஷத்துக்கு முந்திய அந்தச் சட்டை மாதிரியே ஒன்றைத் தன்னுடைய கல்யாணத்துக்குக் கேட்டவள் ஸுபைதா. "அந்தப் பழைய கூத்து என்னத்துக்கு?" என்று வாப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இப்போது எங்கேயோ இருந்து ஒருத்தி வந்து கேட்கிறாள், உடனே கிடைக்கிறது.

தைக்க மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. அவர்களிடையே வழக்கம் அப்படி. நிக்காஹ் முடிந்ததும் பெண் தன் வீட்டு உடுப்பைக் களைந்து, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறையையும் சட்டையையும் உடுத்த வேண்டும். உடுத்திவிடுவது மாப்பிள்ளையின் சகோதரி. வந்திருக்கும் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதுவரை பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதால், உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்காக அனுப்பிவைப்பார்கள். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர்.

அடுத்த வாரம் படமும் அளவுச் சட்டையும் ஒரே பொதியில் வந்தன. ஸுபைதா முதலில் படத்தை ஆணியில் மாட்டினாள். பிறகு அளவுச் சட்டையை விரித்துவைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். பெண்ணே தைத்ததாம். ஒரு நூலாவது பிசகியிருக்க வேண்டும் என்று உட்புறம் திருப்பியும் பார்த்தாள். பிசகவில்லை. முகப் பவுடர் வாசம் லேசாக அடித்தது. இடுப்பு சிறியதாக இருந்தது. கைக்குழி மட்டும் கொஞ்சம் தாராளம்.

"தோள் பருத்தவ" என்று வாய்விட்டுச் சொன்னாள். மனதுக்குச் சற்று இதமாக இருந்தது.

பேப்பரில் வரைந்து வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு பீபி மாமி வெற்றிலைப் பையோடு வந்தாள். உம்மாவின் கல்யாணத்துக்குப் போனவள். படத்தையும் பேப்பரையும் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், இந்தச் சட்டையா?" என்று சிரித்தாள். "இதுக்குள்ள ஒங்க உம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும் புள்ள. கமுக்கட்டுல அப்படி இறுக்கம். கையத் தூக்கேலாம பொம்ம மாதிரி குந்திட்டு இருந்தா."

"உம்மா சொன்னதே இல்லையே மாமி."

"எப்படிச் சொல்றது? தச்சது யாரு? ஒங்க வாப்பாட ராத்தா."

ஸுபைதாவின் கத்தரிக்கோல் நின்றது. "வேணும்னுதான் செஞ்சாங்களா?"

"அது அல்லாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். படம் புடிச்சவன் மட்டும், இப்படி அசையாம இருக்கிற பொண்ண நான் கண்டதே இல்லன்னு சொல்லிட்டுப் போனான்."

பீபி மாமி போன பிறகு ஸுபைதா படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். நேரான தோள்கள். மடியில் படிந்த கைகள். இதைத்தான் ஊர் இத்தனை வருஷமாக உம்மாவின் கம்பீரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஹிதாயா அச்சு அசலாக வேண்டும் என்றுதானே கேட்டாள்? அப்படியே கொடுப்போம்.

அதன் பிறகு அவள் தைத்த தையல் அவள் வாழ்நாளில் தைக்காதது. கண்டியிலிருந்து சாலிஹ் கொண்டுவந்த சாட்டின் யானைத் தந்த நிறத்தில் இருந்தது. லேஸ் புத்தம்புது வெள்ளையாகப் பல்லிளித்தது. அதை வெறும் தேத்தண்ணியில் முக்கி நிழலில் உலர்த்தினாள். முப்பது வருஷம் பெட்டியில் கிடந்தது போல ஒரு மங்கல் நிறம் ஏறிவிட்டது. பொத்தான்களுக்குத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கையால் கட்டினாள். தோளில் கொசுவத்தைப் படத்தில் உள்ளபடியே நிமிர்த்தி வைத்தாள். கைக்குழிக்கு வந்தபோது மட்டும், அளவுச் சட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, இரு பக்கமும் ஒரு விரல் அகலம் உள்ளே பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் பெண்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாள். "அளவுச் சட்டை அனுப்பினதுக்குப் பிறகு பொண்ணு தின்னு கொழுத்துட்டா போல." அதை நினைத்ததும் மெஷின் தானாக ஓடியது.

முடித்துக் கொடியில் தொங்கவிட்டிருந்த சட்டையைக் கடையிலிருந்து வந்த சாலிஹ் பார்த்தான். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டான்.

"ராத்தா! உம்மாவே வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

ஸுபைதா சட்டையின் கைக்குழியைத் தொட்டாள். பிரித்துவிடலாம், இன்றைக்கே பிரித்துவிடலாம் என்று எண்ணினாள். அவன் அருகே வந்து ஏதாவது சொல்வான், இவ்வளவையும் எப்படித் தச்சீங்க என்று கேட்பான் என்று நின்றாள்.

"அவளுக்கு நல்லா இருக்கும்ல ராத்தா?" என்றான் அவன்.

"இருக்கும், இருக்கும். செருப்பக் கழட்டு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

கல்யாணத்தன்று வேன் பல்லேபொலப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. பெண் வீட்டு முற்றத்தில் நிக்காஹ் முடிந்து ஸலவாத்துச் சத்தம் எழுந்ததும், ஸுபைதா கூறைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டில் மேலும் ஜன்னல் ஓரத்திலுமாக ஒரே பெண்கள் கூட்டம். நடுவில் ஹிதாயா.

ஸுபைதா பயந்த அளவுக்கு அவள் அழகியல்ல. கறுத்த, உயரமான பெண். தாடையில் சின்ன வயதில் விழுந்த வடு. ஆனால் தலையை நிமிர்த்தி, "வாங்க மதினி, ஒங்களத்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்று சொன்னபோது அவள் முகம் முழுவதும் சிரித்தது. இது அழகைவிட மோசம் என்று ஸுபைதாவுக்குப் பட்டது.

இடது கை நுழைந்தது. வலது கை நுழையச் சிரமப்பட்டது. ஸுபைதா இழுத்துவிட்டுப் பொத்தான்களைப் போட்டாள். கழுத்துப் பட்டி, லேஸ், கொசுவம் எல்லாம் படத்தில் இருந்தபடி வந்து உட்கார்ந்தன. முக்காட்டைச் சரிசெய்ய ஹிதாயா கையைத் தூக்கினாள். கை மார்பு வரைதான் வந்தது. இன்னொரு தரம் முயன்றாள். பிறகு ஸுபைதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அச்சு அசலாத்தானே கேட்டீங்க" என்றாள் ஸுபைதா, ஊசியைத் தேடுகிறவளைப் போல் குனிந்துகொண்டு.

"ஓம் மதினி. கேட்டேன்தான்."

ஹிதாயா கைகளை மடியில் வைத்தாள். தோள்கள் தாமாக நிமிர்ந்தன. பெண்கள் வாய்க்குள் முணுமுணுக்கப் போகிறார்கள் என்று ஸுபைதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"மாஷா அல்லாஹ்! என்ன அடக்கம்!"

"கையக்கூட அசைக்கிறா இல்ல பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!"

"கண்ணூறு படாம இருக்கணும்."

பீபி மாமி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸுபைதாவின் பக்கம் வந்தாள். பெண்ணின் அக்குள் தையலை ஒரு பார்வை பார்த்தாள். "தையல் விட்டுடாம இருக்க துஆ கேட்டுக்க புள்ள" என்று காதோடு சொன்னாள். "விட்டா பேச்சு பொண்ணு வீட்டுக்கில்ல. இது மாப்பிள்ள வீட்டுச் சட்ட."

ஸுபைதாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. யார் வீட்டுக்கு அவமானம் தைத்தோம் என்று யோசிக்காமல் இத்தனை நாள் மெஷினை மிதித்திருக்கிறாள். அதன் பிறகு ஹிதாயா மூச்சு விடும்போதெல்லாம் இவள் மூச்சைப் பிடித்தாள்.

தையல் விடவில்லை. விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி ஒன்று அடுத்து நடந்தது.

சாலிஹை உள்ளே அழைத்து வந்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே சஹனில் சாப்பிட உட்கார்த்தினார்கள். பெரிய தட்டு நிறையச் சோறு, நடுவில் கோழி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பிரட்டல். ஹிதாயா விரலால் கொஞ்சம் சோறு எடுத்தாள். கை வாய்க்குப் போகவில்லை. தலையைக் கைக்குத் தாழ்த்தப் பார்த்தாள், கழுத்துப் பட்டி தடுத்தது. சோறு மடியில் விழுந்தது.

"என்ன?" என்றான் சாலிஹ்.

அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் ஒரு கணம் அவளுடைய தோளைப் பார்த்தான். பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடித்தறியாத அந்தச் சாலிஹ், கோழியில் எலும்பைப் பிரித்து, சோற்றோடு பிசைந்து, உருட்டி, அவள் வாயில் கொடுத்தான்.

அறையே ஆர்ப்பரித்தது.

"பாருங்கடி மாப்பிள்ளைய!"

"வெக்கங்கெட்டவன்! இன்னொரு புடி குடு, குடு!"

அவன் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவான் என்று ஸுபைதா நம்பினாள். நிறுத்தவில்லை. இரண்டாவது பிடி, மூன்றாவது பிடி. அவளுடைய உதட்டோரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைத் தன் விரலால் எடுத்தான். ஸுபைதா கை கழுவும் செம்போடு சுவரோரம் நின்றாள். அவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய கை அவளுடையது. யாருக்கும் அவன் ஊட்டி அவள் கண்டதில்லை, தனக்கும் சேர்த்துத்தான். இதை அவனுக்குப் பழக்கிக் கொடுத்தது யார்? இரண்டு கைக்குழியிலும் அவள் பிடித்த அந்த ஒரு விரல் துணி.

பீபி மாமி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். "ஒங்க வாப்பாவும் அன்னைக்கு இப்படித்தான் ஊட்டினாரு. அதுக்குப் பொறகு அந்த மனுஷன் ஒங்க உம்மா போட்ட கோட்டத் தாண்டினதே இல்ல. சட்டை தச்ச ஒங்க மாமி தலையில தலையில அடிச்சிக்கிட்டா."

ஸுபைதா செம்பைத் தரையில் வைத்தாள். அது டங்கென்று சத்தம் போட்டது.

"போதும்" என்றாள். "பொண்ணுக்கு முக்காடு சரிஞ்சிருக்கு. கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போறேன்."

முக்காடு சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் ராத்தாவை யார் மறிப்பது? ஹிதாயாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"கையத் தூக்குங்க."

"ஏலாதே மதினி."

"ஏலுமான அளவுக்குத் தூக்குங்க."

ஹிதாயா தூக்கவில்லை. "அளவுச் சட்டை இவ்வளவு இறுக்கம் இல்லையே" என்றாள் மெதுவாக.

"அந்தக் காலத்துச் சட்டை அப்படித்தான் இருக்கும்."

"அப்ப இருக்கட்டும் மதினி, என்னத்துக்குப் பிரிக்கிறீங்க? எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அவருதான் ஊட்டுறாரே."

வெகுளியாகச் சொல்கிறாளா, குத்திச் சொல்கிறாளா என்று ஸுபைதா அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். அதில் சிரிப்பு இருந்தது. எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை. அவள் கையைத் தானே பிடித்து உயர்த்தி, அக்குள் தையலில் கத்தரி முனையை நுழைத்து ஒவ்வொரு நூலாக அறுத்தாள். இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கம். உள்ளே பிடித்திருந்த சாட்டின் மடிப்பு கசங்கிக் கசங்கி வெளியே வந்தது. ஊசியில் நூல் கோத்து, உடம்பின் மேலேயே வைத்து அளவுச் சட்டையின் அளவுக்குத் தைக்கத் தொடங்கினாள். கல்யாண வீட்டில் மாத்தளையின் எந்தத் தையல்காரியும் இவ்வளவு வேகமாகத் தைத்திருக்க மாட்டாள்.

கதவைத் தட்டினார்கள்.

"ராத்தா!" சாலிஹின் குரல். "ஹிதாயா எங்க? வட்டிலப்பம் கொண்டு வந்து வச்சிருக்கு. நான் ஊட்டி விடுறேன்..."

ஸுபைதா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வாறா, வாறா! இனி அவ கையாலயே தின்பா!"