பூனையாகித் திரும்பியவளின் வில்

கீலுங் துறைமுக ஊரில் மழை ஓய்வதே இல்லை. எங்கள் சலவைக்கடை அதனால்தான் ஓடுகிறது. முன்பக்கம் துணி வாங்குவதும் கொடுப்பதும் நான். பின்னால், உலர்த்தும் இயந்திரங்களின் சூட்டில், வென்பின் தன் கணினியோடு இருப்பான். நாங்கள் கணவன் மனைவி. பள்ளியில் ஒரே வகுப்பு என்பதால் ஐம்பதைத் தாண்டியும் வாடா போடாதான்.

அவனுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம். வாளும் மந்திரமுமாக மலைநாட்டில் அலைகிற கணினி விளையாட்டு அது. அதை உருவாக்கியவர்கள் வேறு யாரோ. அதில் ரசிகர்கள் தாங்களாகவே எழுதிச் சேர்க்கிற ஒட்டுவேலையை மோட் என்பார்கள். வென்பின் எழுதிய மோடில் ஒரு விசையை அழுத்தினால் மனித உருவம் சுருங்கி, வால் முளைத்து, சிறுத்தைப்பூனை ஆகிவிடும். கூரை ஏறலாம், இருட்டில் பார்க்கலாம். மறுபடி அழுத்தினால் மனிதன்.

முதல் நாள் நான்தான் சோதித்தேன்.

“டேய், உன் வீரன் சந்தை நடுவுல அம்மணமா நிக்கிறான்டா!”

“உடுப்பு எங்க போச்சு?”

“என்னைக் கேட்டா? நானா கழட்டினேன்?”

ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு சரிசெய்தான். உருவம் மாறுமுன் மோட் ஆளிடம் உள்ளதையெல்லாம் பட்டியல் எடுத்துவிட்டு அழித்துவிடும். திரும்பும்போது பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாகக் கொடுக்கும். இணையத்தில் போட்டான். நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். அன்று இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டான்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் மோடின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவள் யிச்சின். தெற்கே, கிழக்குக் கரையில், ஒரு மீன்பிடி ஊர்ப் பெண்.

“அண்ணா, உங்க பூனை ரொம்ப அழகு. ஆனா எங்க அண்ணனோட வில்லைத் தின்னுடுச்சு.”

அவளுடைய அண்ணன் ஆஷெங் சூரைமீன் கப்பலில் பத்து மாதப் பயணம் போயிருக்கிறான். போகும்போது, தான் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைத் தங்கையிடம் ஒப்படைத்திருக்கிறான். அதில் இரண்டு வருடமாக அவன் வலுவேற்றிய வில் ஒன்று இருந்தது. அதற்கு ‘தங்கச்சி வாய்’ என்று பெயரும் வைத்திருந்தான். யிச்சின் பூனையாகி மலை உச்சிவரை ஏறிவிட்டு மனுஷியாகத் திரும்பியபோது கையில் இருந்தது பெயரில்லாத சாதா வில். அதைக் கவனிக்காமல் மூன்று நாள் ஆடியதில், வில் இருந்த பழைய ஆட்டப்பதிவுகள் எல்லாம் அழிந்துபோயின.

வென்பின் முகம் செத்துவிட்டது.

“பட்டியல்ல ‘வில் ஒண்ணு’ன்னுதான் இருக்கும். அவன் ஏத்தின வலு, வெச்ச பேரு எதுவும் அதுல ஏறாது. நாலாயிரம் பேர்ல இன்னும் எத்தனை பேரோடதை அழிச்சேனோ!”

அன்றே மோடை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். இரண்டு நாள் கணினி பக்கம் போகவில்லை. துண்டு மடிக்கிறேன் என்று உட்கார்ந்து, ஒன்றையும் உருப்படியாக மடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வாடிக்கையாளர் ஹுவாங் அம்மாள் தன் கம்பளிக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். அவர் போனதும் வென்பின் புலம்பத் தொடங்கினான்.

“பேரு, வலு, மந்திரம்னு ஒவ்வொண்ணையும் பட்டியல்ல எழுதணும். அதுக்கு முடிவே கிடையாது.”

“பட்டியல் எதுக்குடா?” என்றேன். “அன்னைக்கு அந்தம்மா கோட்டு குடுத்தாங்க. நான் ‘கறுப்புக் கோட்டு ஒண்ணு’ன்னு எழுதி வெச்சுட்டு, கோட்டைக் குப்பையில போட்டுட்டு, வர்றப்ப புதுசா வாங்கியா தந்தேன்? அந்தக் கோட்டையே பையில போட்டு, நம்பர் கட்டி, மேல மாட்டி வெச்சேன். எடுத்துக் குடுத்தேன்.”

துண்டும் கையுமாக நின்றான்.

“மாட்டி வெக்க எடம்?”

“அவ்ளோ பெரிய உலகத்துல ஒரு ரூம் கட்ட முடியாதா? யாரும் நுழையாத எடமாப் பாத்துக் கட்டு.”

துண்டை என் தலையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

விளையாட்டின் உலகத்துக்கு வெளியே, வாசலே இல்லாத ஓர் அறை கட்டி, அதில் ஒரு பெட்டி வைத்தான். இப்போது உருவம் மாறும்போது பொருள்கள் அப்படியே பெட்டிக்குப் போகும். திரும்பும்போது அதே பொருள்கள் கைக்கு வரும். நான் முப்பது தடவை பூனையானேன். கூரையிலிருந்து குதித்தேன். பூனையாக இருக்கும்போதே ஆட்டத்தைப் பதிந்து மூடிவிட்டுத் திறந்தேன். ஓநாயிடம் சிக்கிச் செத்தேன்.

“டேய், பூனையாவே செத்துட்டேன். ஆட்டம் உயிரோட எழுப்பிவிட்டா, கால்ல செருப்பு இல்ல!”

“ஐயோ, அது பெட்டியிலேயே கெடக்கும்.”

சாகும் நொடியில் முதலில் மனித உருவம் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தான். அதோடு சரியானது.

ஆனால் ஆஷெங்கின் வில் வராது. வென்பின் யிச்சினைத் தொலைபேசியில் அழைத்தான்.

“தப்பு என்னோடதும்மா. இனிமே யாருக்கும் அப்படி ஆகாது. உன் அண்ணன் வில்லு மட்டும் போனது போனதுதான்.”

“அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல அண்ணா. பயமா இருக்கு.”

நான் போனைப் பிடுங்கினேன். “அடிப்பானா?”

“சேச்சே, இல்லக்கா. சிரிச்சுக்கிட்டே பரவால்லம்பான். அதான் கஷ்டமா இருக்கு.”

வில்லின் விவரங்களோடு ஆஷெங் முன்பு பெருமையாக அனுப்பிய படம் அவளிடம் இருந்தது. “அதை அனுப்பு. அதே பேர், அதே வலுவோட ஒண்ணு செஞ்சு தர்றேன்,” என்று போனைத் திரும்ப வாங்கிச் சொன்னான் வென்பின். “ஆனா அது அந்த வில்லு இல்ல. அதை நீதான் அவன்கிட்ட சொல்லணும்.”

“சொல்றேன்,” என்றாள்.

கப்பல் துறைமுகம் தொட்டால்தான் அவனுக்குச் செய்தி போகும். மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் வென்பின் யிச்சினுக்குப் புது வில்லை அனுப்பி, புது மோடைப் போட்டு, பழையதில் பொருள்கள் அழிந்த விஷயத்தையும் முதல் வரியிலேயே எழுதினான். சிலர் திட்டினார்கள். ஒருவர், தன் மோதிரமும் அப்படித்தான் போனது, இப்போதாவது காரணம் தெரிந்ததே என்றார்.

அப்புறம் யிச்சின், அண்ணனின் குரல்பதிவை எங்களுக்கு அனுப்பினாள். பின்னால் காற்று இரைந்தது.

“லூசு, இதுக்கா இத்தனை அழுகை? நான் குறி வெக்கிற லட்சணத்துக்குத்தான் அந்த வில்லுக்கு அவ்வளவு வலு ஏத்தினேன். அப்பவும் ஒரு முயல் விழல. அதை விடு. நீ மலை உச்சிக்கே போயிட்டியாமே? நான் பாதிகூட ஏறினதில்லடி. மேல என்ன இருக்கு? ஒண்ணு விடாம எழுது, அடுத்த துறைமுகத்துல படிக்கிறேன்.”

வென்பின் அதை மூன்று தடவை கேட்டான். கீழே யிச்சின் எழுதியிருந்தாள்: “அண்ணா, அடுத்தது கடல்ல போற மாதிரி ஒரு உருவம் செய்வீங்களா? அண்ணன் வர்றதுக்குள்ள?”

“என்ன உருவம் வெக்கலாம் மெய்ஜுவான்?”

“சூரைமீன் மட்டும் வேணாம். பழக்கதோஷத்துல புடிச்சுடுவான். ஆமை வெய்யி.”

“ஆமை கரையில நடக்கணுமே. கால எப்படி அசைக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தரையில் குப்புறப் படுத்துக் கைகளை வீசிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் குடையோடு உள்ளே வந்தார். “முதுகு வலிங்களா?” என்று அக்கறையாக விசாரித்தார்.