முந்நூறு கிராம் ஈரம்

ஜெயவேல் செத்து ஒரு வருஷம் ஆன அன்று, அவனை அடித்துக் கொன்ற பட்டுக் கடையிலிருந்தே ஒரு மாலை வந்தது. ஆள் உயர ரோஜா மாலை. இரண்டு பேர் அதைத் தூக்கிவர, பின்னால் வெள்ளைச் சட்டையில் கடை மேனேஜர் திருமலை வந்தார்.

சாமியானாக் கயிற்றை மின்கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்த அவன் நண்பன் பார்த்திபன் அப்படியே நின்றுவிட்டான். திருப்பி அனுப்பலாமா என்று அவன் யோசிப்பதற்குள் மாலை படத்தில் ஏறிவிட்டது. ஜெயவேலுக்கு மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் ஜெயவேலின் அம்மா குணசுந்தரி உட்கார்ந்திருந்தாள். படவேட்டில் வாழைத் தோட்டத்துக் கூலி. முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். பட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டிய ஒரு புடவைதான். பதினாறாம் நாள் காரியத்தில் அவள் பார்த்திபனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"கேஸு எப்டியோ போவட்டும். எம் புள்ள திருடன் இல்லன்னு இந்த ஊரு சொல்லணும்."

ஊர் சொல்லவில்லை. டீக்கடையில் பேச்சு வந்தால், "தங்கமான பையன்தான், ஆனா பட்டுல கை வெச்சிட்டான்" என்றார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததுதான் நிலைத்தது.

நடந்தது இவ்வளவுதான். போன வருஷம் கார்த்திகை மழையில், சாயப் பட்டறையில் கடைக்காக ஆறு கிலோ பட்டை எடைபோட்டு வாங்கிக்கொண்டு ஜெயவேல் வண்டியில் கிளம்பினான். பாதி வழியில் ரோடே தெரியாத அளவுக்குத் தண்ணீர். நூல் சுற்றித் தரும் லீலாவின் வீட்டில் அந்தப் பட்டு மூன்று நாள் மூங்கிலில் தொங்கியது. நாலாம் நாள் சுள்ளென்று வெயில். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது முந்நூறு கிராம் குறைந்தது. முதலாளியின் மருமகன் ரஞ்சித்குமாரும் டிரைவரும் அவனைக் குடோனுக்குள் கூட்டிப்போய் "ஒத்துக்கோ" என்று அடித்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தான். வயது இருபத்திரண்டு. அடித்தவர்கள் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்தார்கள். ரஞ்சித்குமார் மீசையை மாற்றிக்கொண்டான். அவனுக்கு நேர்ந்த நஷ்டம் அந்த மீசைதான்.

பட்டு மழைக்காற்றைக் குடித்து எடை ஏறும். வெயிலில் அதைக் கக்கி எடை இறங்கும். ஆரணியில் இது தெரியாதவன் கிடையாது. தெரிந்தவர்கள்தான் அடித்தார்கள். தெரிந்தவர்கள்தான் டீக்கடையில் 'ஆனா' போட்டார்கள்.

ஜெயவேல் உத்தமன் என்று பார்த்திபன் சொல்லமாட்டான். இவனிடம் வாங்கிப் போட்ட சட்டையை அவன் திருப்பித் தந்ததே இல்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு வந்து இவன் பாயில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்வான். இரண்டு வருஷம் பட்டு சுமந்தும் ஒரு கலருக்கும் பேர் தெரியாது. அரக்கு அவனுக்குப் பீட்ரூட். மயில்கழுத்து பினாயில் பாட்டில். ஆனால் ஒருவனை அடித்துக் கொல்லக் கூடாது என்பதற்கு அவன் உத்தமனாக இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

திருமலை மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"ஜெயவேல் நம்ம வூட்டுப் புள்ள மாதிரி. சின்ன வயசு. ஏதோ ஆசைல ஒரு தப்பு பண்ணிட்டான். யாரு பண்ணல? முதலாளி அன்னிக்கே சொல்ட்டாரு, அந்தப் புள்ளய நாங்க மன்னிச்சிட்டோம்னு..."

இரண்டு பேர் கைதட்டினார்கள். குணசுந்தரி தலையை நிமிர்த்தினாள். பார்த்திபன் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"இன்னா சொன்னீங்க?"

"இன்னாப்பா?"

"மன்னிச்சிட்டீங்களா? நீங்க? அவன?"

"இந்தாப்பா, தண்ணி கேன் போட்டுகினு கம்முனு இரு. நல்ல காரியத்துல பேஜார் பண்ணாத."

பார்த்திபன் மைக்கைப் பிடுங்கவில்லை. எதிர் வீட்டுக்கு நடந்தான். லீலா வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நேற்றைய மழைக்கு வீட்டுக்குள் ஏற்றிய பட்டு மூங்கிலில் தொங்கியது.

"லீலாக்கா, அதுல ஒரு கட்டு குடு."

"அது கடை நூலுடா. எம் பொழப்புல மண்ணள்ளிப் போடாத."

"நானே எடுத்துக்கறேன். கேட்டா திருடிட்டான்னு சொல்லு. நம்ம ஊர்ல அது சொல்றது சுளுவு."

அவன் ஒரு கட்டை உருவிக்கொண்டு காய்கறி வண்டித் தராசைப் பார்த்துப் போனான். பின்னாலிருந்து லீலாவின் குரல் வந்தது.

"அந்தத் தராசு அம்பது கிராம் முழுங்கும். நில்லு." தன் எலக்ட்ரானிக் தராசைத் தூக்கிவந்து படத்துக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு கிலோ நாற்பது கிராம். பார்த்திபன் அதை மைக்கில் சொன்னான். பிறகு கட்டைப் பிரித்துச் சாமியானாக் கயிற்றில், வெயில் விழும் பக்கமாகத் தொங்கவிட்டான்.

"இன்னாடா இது, மேஜிக் ஷோவா?" என்றார் திருமலை.

"ஆமாங்க. டிக்கெட் கெடையாது. குந்துங்க."

"எனக்கு வேல கெடக்குது."

"ஒரு மணி நேரம்தாங்க. அவன நாலு மணி நேரம் குடோன்ல குந்த வெச்சீங்க இல்ல?"

திருமலை கிளம்பப் பார்த்தார். கிளம்பினால் என்ன அர்த்தமாகும் என்பது எல்லோர் முகத்திலும் இருந்தது. உட்கார்ந்தார்.

டீ வந்தது. தெருவே அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டு தொங்கினால் ஆரணிக்காரனுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு நெசவாளி எழுந்து போய் நூலை விரலில் நெருடினார்.

"அம்பது எறங்கும்."

"போய்யா. வெயில் பத்தல. நாப்பதுதான்."

"சாயம் போட்டு எத்தினி நாளு? ரெண்டா? அப்ப அம்பதுக்கு மேலயே எறங்கும், பெட்டு வெச்சிக்கோ."

"நம்ம வூட்ல போன மழைக்கு கிலோவுக்கு அறுபது போச்சு, தெரியுமா?"

பழக்க தோஷம். மழைக்காலத்தில் எங்கே நாலு பேர் கூடினாலும் பேசுகிற பேச்சு. பேசுகிறோம் என்று தெரியாமலேயே பேசினார்கள். திருமலைகூட, "நூலுக்குக் கஞ்சி போட்டிருந்தா கொறையாது" என்று வாயை விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குணசுந்தரி ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். அவள் எழுந்தபோது தராசில் இன்னும் யாரும் கட்டை வைக்கவில்லை.

"நிறுக்காமயே சொல்றீங்களே, எவ்ளோ கொறையும்னு," என்றாள்.

நூலை நெருடிய நெசவாளி கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப இது தெரிஞ்ச விஷயமா? வெயில்ல வெச்சா தானா கொறையுமா? எல்லாருக்கும் தெரியுமா?"

பெட்டு வைத்தவர் தரையைப் பார்த்தார். லீலா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"எங்க வூட்லதான் தொங்கிச்சி. ஈரமாத்தான் கொண்டாந்தான். தொட்டுப் பாத்தவ நானு. நான் எங்கயும் சொல்லல."

"லீலா, யோசிச்சிப் பேசு," என்றார் திருமலை.

"ஒரு வருஷமா அதத்தான் பண்ணிகினு இருக்கேன்."

பார்த்திபன் கட்டை எடுத்துத் தராசில் போட்டான். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு குறைந்திருந்தது. அதை ஆறால் பெருக்க யாருக்கும் உதவி தேவைப்படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத்தான் அவன் திரும்பினான். குணசுந்தரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு?"

"தெரியும்மா."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

"அன்னிக்கு நீ எங்க இருந்த?"

குடோனுக்குப் பின்சுவர் ஒட்டி பட்டு நூல் முறுக்கும் மெஷின் ஷெட். அப்போது பார்த்திபனுக்கு அங்கே நைட் ஷிப்ட். மறுவாரமே வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் கேன் போடப் போனான். ஏன் விட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவள் கேட்கிறாள்.

"சொவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன். 'மழைல எடுத்தது அண்ணா, காஞ்சி போச்சி'ன்னு சொல்லிகினே இருந்தான். 'எங்களுக்கே பட்டு சொல்லித் தரியா'ன்னு அடிச்சாங்க. ரெண்டு அடி அடிச்சிட்டு உட்ருவாங்கன்னு நெனச்சேன்."

"போலீஸ் வந்து கேக்கலியா?"

"கேட்டாங்க. மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல உழலன்னு சொன்னேன்."

"மெஷின் ஓடிச்சா?"

"இல்ல," என்றான். "ஷிப்ட் மாத்தற நேரம். நிறுத்தி வெச்சிருந்தாங்க."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் படத்தருகே போய், மாலையைக் கழற்றித் திருமலையின் மடியில் போட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களே. நான் யாரையும் மன்னிக்கல. உங்க முதலாளி கிட்ட சொல்லுங்க."

பிறகு பார்த்திபன் பக்கம் திரும்பினாள். "இவனையும்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வக்கீல் வூடு எங்க இருக்குது?"

"கோர்ட்டுக்குப் பின்னாடி."

"முன்னால நட. மெஷின் நின்னுச்சின்னு இப்ப சொன்ன இல்ல, அத அங்க வந்து சொல்லு. ஒரு வார்த்த மாத்தினாலும் அங்கயே கேப்பேன்."

பார்த்திபன் நடந்தான். பின்னால் குணசுந்தரி, லீலா இருவரின் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாவதாக ஒரு சத்தம் வருகிறதா என்று சாமியானா முடியும் வரைக்கும் காது கொடுத்துக்கொண்டே போனான். வரவில்லை.